ஆன்மாவுக்கு ஓர் அடகுச் சீட்டு

(கொழும்பு செட்டியார் தெரு. இரண்டு பெரிய நகைக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கிய அடகுக்கடை. இடது கண் நாவற்பழம் போல வீங்கிய ஓர் இளைஞன் உள்ளே வருகிறான்.)

இளைஞன்: முதலாளி, ஒரு பொருள் அடகு வைக்க வேண்டும்.

முதலாளி: சங்கிலியா, மோதிரமா?

இளைஞன்: ஆன்மா.

முதலாளி: (தராசைத் துடைத்தபடி) எத்தனை பவுண் வரும்?

இளைஞன்: பகிடி பண்ணாதீர்கள். நான் கொட்டாஞ்சேனையில் குத்துச்சண்டை பழகுகிறேன். ஏறின மேடையெல்லாம் அடி. ஆன்மாவைக் கொடுத்தாவது ஒரு பட்டம் எடுக்க வேண்டும்.

முதலாளி: அதற்குப் பேயிடமல்லவா போக வேண்டும்?

இளைஞன்: பேய் திருப்பித் தராதாம். உங்களிடம் என்றால் வட்டி கட்டி மீட்கலாமே.

முதலாளி: நல்ல மூளை. இது ரிங்குக்குள் எங்கே போகிறது?

இளைஞன்: மணி அடித்ததும் அது கோச்சோடு கீழே இறங்கிவிடுகிறது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது முதலாளி. நான் மோதும் பாண்டம் வெயிட் எடைப்பிரிவு என்றால் 53.5 கிலோவுக்குள் நிற்க வேண்டும். எனக்கு இருநூறு கிராம் கூட. ஆன்மாவை இங்கே வைத்துவிட்டுப் போனால்...

முதலாளி: இரவில் கொத்து ரொட்டியை நிறுத்து. தானாக இறங்கும்.

இளைஞன்: ஆன்மாவைக் கேளுங்கள், தருகிறேன். கொத்தைக் கேட்காதீர்கள்.

முதலாளி: சரி, ஜேக் லமோட்டா என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? அமெரிக்காக்காரர், மிடில்வெயிட். எவ்வளவு வென்றாலும், சூதாட்டக் கும்பல் தலையாட்டாமல் உலகப் பட்டத்துக்கு மோத விடவில்லை. அதனால் 1947இல் நியூயோர்க்கில் பில்லி ஃபொக்ஸ் என்பவரிடம் வேண்டுமென்றே தோற்றார். தோற்றதோடு அந்தக் கும்பலுக்கு 20,000 டொலரும் கொடுத்தார்.

இளைஞன்: தோற்கக் காசு கொடுத்தாரா? நான் இத்தனை நாளும் சும்மா அல்லவா தோற்றுக்கொண்டிருக்கிறேன்!

முதலாளி: கேள். அவருக்கு விழ மனம் வரவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கினார். நான்காவது ரவுண்டில் நடுவர்தான் நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

இளைஞன்: பட்டம் கிடைத்ததா இல்லையா?

முதலாளி: 1949இல் கிடைத்தது. இரண்டு வருஷம் முடிவதற்குள் சுகர் ரே ரொபின்சன் பிடுங்கிக்கொண்டார். 1960இல் செனட் விசாரணையில் போய், வேண்டுமென்றேதான் தோற்றேன் என்று தன் வாயாலேயே சொன்னார்.

இளைஞன்: கிடைத்ததே, அது போதும். சீட்டை எழுதுங்கள்.

(எவ்வளவு சொன்னாலும் ஏறாத தலைக்கு அடி மட்டும் எப்படி ஏறுகிறதோ! முதலாளி பெருமூச்சோடு புத்தகத்தைத் திறக்கிறார்.)

முதலாளி: அடையாள அட்டை? ம்... பொருள் உன் பெயரில்தானே? வேறு எங்கும் ஈட்டில் இல்லையே?

இளைஞன்: அது... அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார். சின்ன வயதில் என்னை அவருக்கு நேர்ந்துவிட்டாராம்.

முதலாளி: பிறகு?

இளைஞன்: அப்பம்மா ஜிந்துப்பிட்டி முருகனுக்கு.

முதலாளி: (பேனாவை மூடுகிறார்) ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு மூன்றாவதாக என்னிடம் வருகிறாயா? நாளைக்கு அவர்கள் இருவரும் வந்து கேட்டால் நான் எந்தப் பக்கம் ஓடுவது?

இளைஞன்: பொறுங்கள், முதலில் அம்மாவிடம் கேட்டு ஒன்றை மீட்கிறேன். (தொலைபேசியில்) அம்மா, அந்தோனியாருக்கு என்ன நேர்ந்தீர்கள்?... ஆ... சரி.

முதலாளி: எவ்வளவு?

இளைஞன்: ஒரு பக்கெட் மெழுகுதிரி.

முதலாளி: பெரியதா, சின்னதா?

இளைஞன்: சின்னது. அதுவும் நான் வென்றால்தான் கொளுத்துவாராம்.