எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாமே!

ஒரு பாராட்டு விழா மேடையில் நண்பர் ஒருவர் ஓய்வூதியர்களைப் பற்றிப் பேசியதன் காணொளித் துணுக்கை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டே நாள்களில் ஒன்பது பேர் அதை எனக்கே அனுப்பி வைத்தீர்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மையையும் அவர்களில் ஆறு பேர் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். பார்க்காதவர்களுக்காக ஒரு வரியில் மட்டும் சொல்லிவிடுகிறேன். “ஊரே அழுத கொரோனா காலத்தில் சிரித்த முகத்தோடு இருந்தவர்கள் பென்ஷன்காரர்கள் மட்டும்தான், அவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை” என்று அவர் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில் நானும் என் மனைவியும் அமர்ந்திருந்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துணுக்கில் என் வழுக்கைத் தலை தெளிவாகத் தெரிகிறபோது மறைத்துப் பயனில்லை.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஞாயிறு என்று சொல்கிறவர் இன்னும் ஓய்வு பெறாதவராகத்தான் இருக்க முடியும். எங்களுக்கு ஞாயிறு சொந்த நாள் இல்லை ஐயா, அது பிள்ளைகளின் விடுமுறையிலிருந்து எங்களுக்குப் பங்காகக் கிடைக்கிற நாள். அவர்களுக்கு விடுமுறை என்பதால்தான் எங்கள் வீட்டில் வாரம் என்று ஒன்று நடக்கிறது. அந்தச் சனி, ஞாயிறை எடுத்துவிட்டால் மற்ற ஐந்து நாள்களுக்கும் பெயர் வைக்க வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை.

நான் சேலம் ஜங்ஷனில் பயணச்சீட்டு கவுன்ட்டரில் அமர்ந்து 2014-ல் ஓய்வு பெற்றவன். என் மனைவி ஏற்காடு மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள், பிறகு கீழே சில பள்ளிகளில் என்று பணியாற்றி 2016-ல் ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளிலாவது இரவு வண்டியைப் பிடித்துப் பேரனோடும் மருமகனோடும் வந்துவிடுவாள். அதற்காக வெள்ளிக்கிழமை மாலையே ஆறு பேருக்கான இட்லி மாவு கிரைண்டரில் ஓடும். (ஐந்து பேர்தானே என்று கேட்காதீர்கள், என் மனைவி ஒருபோதும் சரியான எண்ணிக்கைக்கு அரிசி ஊற வைத்தவர் இல்லை.) ஞாயிறு மாலை பேரனை அழைத்துக்கொண்டு தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்தது) சாப்பிடுவோம். அவனுக்குக் காரச் சட்னி தடவாமல், கேரட்டும் பீட்ரூட்டும் அதிகமாக வைத்துத் தர வேண்டும் என்பது அந்த வண்டிக்காரருக்குச் சொல்லாமலே தெரியும். அவர்கள் வராத ஞாயிறுகளில் ஒன்றில் நாங்கள் இருவரும் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, காப்பித் தூள் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். எங்கள் வாழ்க்கையின் ஆடம்பரம் முழுவதும் இவ்வளவுதான்.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நடந்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் வருவதாக மகள் பயணச்சீட்டு எடுத்திருந்தாள், பிறகு வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசற்படி ஏறியது நவம்பர் 14, தீபாவளி அன்று. அந்த மார்ச் 22-ஐயும் சேர்த்து இடையில் 34 ஞாயிறுகள். கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் நாட்காட்டியை வைத்து எண்ணியே சொல்கிறேன். அவற்றில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் ஒன்பது ஞாயிறுகளிலும் தமிழகம் முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு இருந்தது. ஏப்ரல் 26 ஞாயிறு தொடங்கி மூன்று நாள்கள் சேலம் மாநகரம் முழுதாக அடைக்கப்பட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். வாரத்தின் ஏழு நாள்களில் பூட்டுப் போடுவதற்கென்று தேடிப் பிடித்த நாளே ஞாயிறுதான். எங்களுக்கு எல்லா நாளும் ஞாயிறாக இருந்ததாம்! ஞாயிறே ஞாயிறாக இல்லையே.

சனிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுநாள் ஒன்றும் கிடைக்காது என்பதால் சனியன்று காய்கறிக் கடையிலும் இறைச்சிக் கடையிலும் ஊரே திரண்டுவிடும். 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று அரசு அறிவுறுத்தியிருந்தது. எனக்கு அப்போது 66, கூடவே சர்க்கரையும் உண்டு. என் மனைவிக்கு 62. ஆகவே நாற்பது ஆண்டுகளாகக் காய்கறிப் பையைத் தூக்கிய நான் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவர் முகக்கவசத்தோடு வரிசையில் போய் நின்றார். அவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த மேடையிலும் எவரும் நகைச்சுவையாக்க முடியாது.

“மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததே, பிறகென்ன குறை?” என்று கேட்பீர்கள். விழுந்தது. மறுக்கவில்லை. இங்கே சேலத்தில், செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் அம்மாபேட்டையில் தறிகளும் நின்றுபோன நாள்களில், நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள்களில், ஓய்வூதியம் வாங்கிய நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்தாம். அதனால்தான், விலைவாசி உயர்வுக்கு ஏற்ப ஓய்வூதியத்தோடு வரும் அகவிலை நிவாரணத்தில் மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தபோது நான் முனகக்கூட இல்லை. பதினெட்டு மாத நிலுவை கடைசிவரை வரவில்லை, அதையும் விடுங்கள். மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகை 2020 மார்ச் 20 அன்று நின்றது. கொரோனா போய்விட்டது, சலுகை மட்டும் திரும்பி வரவில்லை. இதை எனக்காகச் சொல்லவில்லை, எனக்கு ரயில்வே பாஸ் உண்டு. வயதுச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற எத்தனையோ கிழவர்களின் முகம் நினைவிருப்பதால் சொல்கிறேன். அவர்களும் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்களா என்று மேடையில் பேசியவர் விசாரித்துச் சொல்லட்டும்.

“காணொளி அழைப்பு இருந்ததே” என்று இன்னொருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். அவருக்குப் பேரன் இல்லை என்று நினைக்கிறேன். ஞாயிறு பதினோரு மணிக்கு அழைப்பு வரும். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் பேரனின் நெற்றியும் வீட்டு உத்தரமும்தான் தெரியும். என் மனைவி கைப்பேசிக்கு முன்னால் இட்லியைக் காட்டுவார், அவன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த இட்லி மாவின் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யாரும் வரப் போவதில்லை என்று தெரிந்தும் முதல் இரண்டு மாதங்கள் அவர் வெள்ளிக்கிழமைதோறும் அதே அளவு அரிசியை ஊறவைத்தார். நான் ஒருமுறை கேட்டதற்கு, “கை பழகிப்போச்சுங்க” என்றார். புதன்கிழமைக்குள் மாவு புளித்துவிடும். ஒரு சனிக்கிழமை பாதி மாவைத் தூக்குச் சட்டியில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனார். இருபது ஆண்டுகளாகக் கறிவேப்பிலை முதல் கல்யாணப் பத்திரிகை வரை பரிமாறிக்கொண்ட வீடு அது. கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகவே, இந்தச் சமயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை, பயந்த காலம் அது. ஆனால் சட்டியோடு திரும்பி வந்தவர் அதன் பிறகு ஆறு பேருக்கு அரிசி ஊறவைக்கவில்லை.

இரவுகள் இன்னும் மோசம். எங்கள் வீடு ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்தில் இருக்கிறது. வண்டிகளின் சத்தத்திலேயே மணி சொல்லிவிடுவேன். விடியலுக்கு முன் ஏற்காடு எக்ஸ்பிரஸ் கடந்தால் எழுந்திருக்க நேரமாகிறது என்று பொருள். பயணிகள் வண்டிகள் எல்லாம் நின்ற பிறகு எப்போதாவது ஒரு சரக்கு வண்டி போகும், அவ்வளவுதான். இரவில் விழித்துக்கொண்டு, மணி தெரியாமல், இருவரும் பேசாமல் படுத்திருப்போம். ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்ப்போம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை அத்தனை தெளிவாக நான் பார்த்ததே இல்லை. முப்பது கிலோமீட்டர்தான், போக முடியாது.

“எல்லாம் ஒரே ஆண்டில் முடிந்துவிட்டதே” என்றும் சிலர் சொல்வீர்கள். 2021 மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று அம்மாபேட்டையில் என் சகலை காலமானார். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. அவருடைய மகன்கள் பட்டியல் போட்டதில் நாங்கள் இல்லை. வர வேண்டாம் சித்தி, உங்களுக்கும் வயதாகிறது என்று அன்போடுதான் சொன்னார்கள். உடன்பிறந்த அக்காள் தாலியை இழந்த நாளில், ஒரே ஊரில் இருந்துகொண்டு, என் மனைவி அதைக் கைப்பேசியில் பார்த்தார். 2022 பொங்கலுக்காவது மகள் நான்கு நாள் தங்குவாள் என்று நினைத்தோம். ஜனவரி 16 ஞாயிறு முழு ஊரடங்கு என்று அறிவித்ததால் சனிக்கிழமை இரவே கிளம்பிவிட்டார்கள். அந்த ஞாயிறு காணும் பொங்கல். யாரும் யாரையும் காணக் கூடாத காணும் பொங்கல்.

நகைச்சுவை உணர்வு இல்லாத கிழவன் என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். விழா முடிந்து வண்டியில் வரும்போது என் மனைவி பின்னால் இருந்தபடி ஒன்று கேட்டார்: “அவரு சொன்னப்ப நீங்களும் ஏன் சிரிச்சீங்க?” ஜங்ஷன் மேம்பாலம் இறங்கும் வரை பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இங்கே இடுகிறேன்.

இன்று வெள்ளி. அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, மகள் இரவு வண்டியில் வருகிறாள். உங்கள் கருத்துகளுக்குத் திங்கட்கிழமை பதில் எழுதுகிறேன்.