படம் போதாது, கோப்பு வேண்டும்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அருகில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் உள்ளவை சில நுண்ணோக்கிகளும் கண்ணாடித் தகடுகளும்தான். ஆயினும் சென்ற பருவத்தில் என் மாணவிகள் சிறுமூளையின் பர்கின்ஜி நியூரான் (ஒரு வகை நரம்பு உயிரணு) ஒன்றைக் கணினித் திரையில் சுழற்றினார்கள். முன்பக்கம் விசிறிபோல் விரிந்திருந்த கிளைகள், பக்கவாட்டில் திருப்பியதும் ஏறக்குறைய ஒரே கோடாக ஒடுங்கியதைக் கண்டு வியந்தார்கள். பாடநூல் படத்தில் அந்தத் தட்டைத்தன்மை தெரிவதே இல்லை.

அந்த நியூரானின் முப்பரிமாண வடிவம் அடங்கிய கோப்பு, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜியோ அஸ்கோலியின் குழு 2006-ல் தொடங்கிய நியூரோமார்ஃபோ தரவுத்தளத்திலிருந்து இலவசமாகக் கிடைத்தது. ஆயிரத்துக்கும் குறைவான நியூரான்களோடு தொடங்கிய அத்தளத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன. எஸ்.டபிள்யூ.சி. எனப்படும் அக்கோப்பு வெறும் எண்களால் ஆனது. ஒவ்வொரு வரியிலும் ஏழு எண்கள்: புள்ளியின் வரிசை எண், அது உயிரணு உடலா, குறிகையை வெளியே அனுப்பும் ஆக்ஸானா, குறிகையைப் பெறும் டென்ட்ரைட்டா என்னும் வகை, மூன்று ஆயத்தொலைகள், ஆரம், கடைசியாக அது கிளைத்து வந்த தாய்ப்புள்ளியின் எண். எந்த ஆய்வகம் வரைந்ததானாலும் இந்த ஒரே வடிவில் வந்துவிடுவதன் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். 1956-ல் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னும், தாத்தா காலத்து மலையாள நில ஆதாரத்தை (பத்திரத்தை) வாசிக்க ஆள் தேடி அலைந்த குடும்பங்கள் இங்கே உண்டு.

என் மனக்குறை வேறு. ஒரு நியூரானை நுண்ணோக்கியின் கீழ்க் கிளை கிளையாகத் தடம்பற்றி வரைய நாள்கணக்கில் ஆகலாம். அவ்வளவு உழைத்துவிட்டு, கட்டுரையில் ஒரு படத்தை மட்டும் அச்சிட்டுக் கோப்பைப் பூட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓர் ஆய்வுக்குழுவுக்கு நான் மூன்று முறை எழுதினேன். வரைந்த மாணவர் போய்விட்டார், கோப்பு இருந்த வட்டும் பழுதாகிவிட்டது என்று கடைசியில் பதில் வந்தது. நூறாண்டுக்கு முன் நுண்ணோக்கியில் பார்த்து நியூரான்களை வரைந்த ஸ்பானிய அறிவியலாளர் கஹால் காலத்தில் கையால் தீட்டிய படமே தரவு. இன்று படத்திலிருந்து கிளையின் நீளத்தையும் சரியாக அளக்க முடியாது, மின்குறிகை அதில் எப்படிப் பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

பாடுபட்டவன் ஒருவன், பலன் கொய்பவன் இன்னொருவனா என்னும் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. முதல் கட்டுரை வெளிவரும் வரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பயன்படுத்துவோர் மூலக்கட்டுரையைக் குறிப்பிட்டே தீரவேண்டும். ஆனால் அரசுப் பணத்தில் வரைந்ததற்கு அதற்கு மேல் பூட்டு எதற்கு? 2024-ல் வெளியான பழ ஈயின் முழு மூளை வரைபடத்தில் ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள் உள்ளன. தரவு திறந்திருந்ததால்தான் பல ஆய்வகங்களோடு தன்னார்வலர்களும் சேர்ந்து, கணினி வரைந்ததில் பிழை திருத்த முடிந்தது.

பொதுவில் கிடைப்பதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. மூளையை மெல்லிய சீவல்களாக அறுக்கும்போது ஆக்ஸான் பாதியில் துண்டாகிவிடும். பதப்படுத்துகையில் திசு சுருங்கும், அதுவும் தடிமனில் மிகுதியாக. ஆகவே இரு ஆய்வகங்களின் நியூரான்களை ஒப்பிடும் முன் சீவலின் தடிமன், சாயம், விலங்கின் வயது ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்று மாணவிகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பாறசாலைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலும், இப்பக்கம் தமிழ்நாட்டிலும் நரம்பியல் ஆய்வில் உள்ள நண்பர்கள் சிலர் இதை வாசிப்பீர்கள். பழைய கணினிகளில் தடம்பற்றிய கோப்புகள் கிடந்தால், இந்த விவரங்களையும் சேர்த்து எழுதி, வட்டு பழுதாகும் முன் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள்.