அறுபது கிலோமீட்டரில் ஓர் இந்தியா

உங்கள் பணப்பையில் இருக்கும் நோட்டுகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பத்து ரூபாயில் கோனார்க் கோயிலின் சக்கரம். இருபதில் எல்லோரா. ஐம்பதில் ஹம்பியின் கல்தேர். நூறில் குஜராத்தின் ராணி கி வாவ். இருநூறில் சாஞ்சி. ஐந்நூறில் செங்கோட்டை. அந்த நூறு ரூபாயில் இருப்பது ஒரு கிணறு என்று சொன்னால் நம்பாமல், நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கள்ள நோட்டைச் சோதிக்கிற அக்கறையோடு பார்த்துவிட்டு, "ஏதோ கோயில் என்று நினைத்தேன்" என்கிறார்கள்.

அவர்களுக்குப் பொது அறிவு போதவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். நாம் சுற்றுலா போகிற விதம் அப்படி. 'வட இந்தியா டூர்' என்று ஒரு துண்டுப்பிரசுரம் கையில் வரும். எட்டு நாளில் டெல்லி, ஆக்ரா, மதுரா, ஜெய்ப்பூர், ஹரித்வார், ரிஷிகேஷ். கடைசி வரியில் "நேரமிருப்பின் அமிர்தசரஸ்". தென்னிந்தியச் சமையல்காரர் கூடவே வருகிறார் என்பது தடித்த எழுத்தில் இருக்கும். பார்க்கப்போகும் இடத்தைப் பற்றி இருப்பதைவிடச் சாம்பாரைப் பற்றி அதில் கூடுதல் விவரம் இருக்கும். சமையல்காரர் மீது எனக்குக் கோபமில்லை, பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ரசம் சோறு கிடைத்தால் நானும் கும்பிடுவேன். கோபமெல்லாம் அந்த "நேரமிருப்பின்" என்ற சொல்லின் மீதுதான்.

ஆக்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். தாஜ்மகாலுக்குள் நுழைந்தால் டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் வரிசை, சோதனை, படம் எல்லாம் முடிய வேண்டும். யமுனையின் மறுகரையில் இத்மத்-உத்-தௌலா இருக்கிறது. நூர்ஜஹான் தன் தந்தைக்காக எழுப்பிய கல்லறை, 1628இல் முடிந்தது. வெள்ளைச் சலவைக்கல்லில் வண்ணக் கற்களைப் பதிக்கும் வேலை தாஜுக்கு முன்பே அங்கே ஒரு நகைப்பெட்டியின் நுணுக்கத்தோடு நடந்திருக்கிறது. தாஜைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தால்தான் தாஜ் எங்கிருந்து வந்தது என்பதே விளங்கும். சுற்றுலா பஸ் பாலத்தைக் கடப்பதில்லை. மதிய உணவுக்கு ஜெய்ப்பூர் சாலையில் இருக்க வேண்டுமாம்.

இந்த நாட்டின் பரப்பு கிட்டத்தட்ட 33 லட்சம் சதுர கிலோமீட்டர். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் சேர்ந்தபோது யுனெஸ்கோ பட்டியலில் இந்தியாவின் இடங்கள் 44 ஆயின. அந்தக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னங்கள் 3,600க்கும் மேல். இதை ஒரு பயணத்தில் அல்ல, ஓர் ஆயுளில்கூட முடிக்க முடியாது. பட்டியலை டிக் அடித்து முடித்துவிடலாம் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஓர் ஊரை மையமாக வையுங்கள். அதைச் சுற்றி அறுபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாதீர்கள்.

வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். போபாலை எடுத்துக்கொள்கிறேன். 'போபாலில் என்ன இருக்கிறது' என்ற கேள்விதான் முதலில் வரும். நம்மில் பலருக்கு அந்த ஊர் 1984இன் விஷவாயு மட்டுமே. ஆனால் சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டெல்லி போன ஒவ்வொருவரும் போபாலைக் கடந்திருக்கிறோம். சற்று நேரத்தில் சாஞ்சிக் குன்றும் பக்கத்திலேயே வந்து போகும். நாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கியிருப்போம், அல்லது காபி விற்பவரைத் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

ஊருக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் பீம்பேட்கா. தொல்லியலாளர் வாகண்கர் 1957இல் ரயிலில் போகும்போது இந்தப் பாறைகளைக் கண்டு, ஐரோப்பாவில் தாம் பார்த்த பாறைக் குகைகளின் சாயல் தெரிகிறதே என்று தேடி வந்து கண்டுபிடித்த இடம். எழுநூறுக்கும் மேற்பட்ட பாறை ஒதுங்கிடங்கள். நாம் நடக்கக்கூடிய பாதையில் சிலதான் இருக்கின்றன, அதுவே தாராளம். ஒரு பாறை முழுக்க விலங்குகள்: மான், காட்டெருமை, யானை. அவற்றின் மீதே, எத்தனையோ நூற்றாண்டு கழித்து வேறு யாரோ, குதிரை வீரர்களின் அணிவகுப்பைத் தீட்டியிருக்கிறார்கள். முன்னவன் வரைந்ததைப் பின்னவன் அழிக்கவில்லை. அதன் மேலேயே வரைந்துவிட்டுப் போயிருக்கிறான். சிவப்பும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதைக் கண் பிரித்துப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழகியபின் அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது.

அதே சாலையை ஒட்டி போஜ்பூர். பதினோராம் நூற்றாண்டில் பரமார மன்னன் போஜன் தொடங்கி, முடிக்காமல் விட்ட சிவன் கோயில். உள்ளே ஆளுயரத்தை மிஞ்சும் ஒற்றைக்கல் லிங்கம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைத் தடுத்து நிறுத்தி, கோயிலின் பின்புறத்துக்குப் போங்கள் என்று சொல்லத் தோன்றும். கல்லை மேலே ஏற்றப் போட்ட சாய்தளம் அங்கே இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள பாறைத் தளங்களில் தூண், தூணின் தலையில் உட்காரும் போதிகை, கூரை ஆகியவற்றின் வரைபடங்களைக் கோடு கோடாய்க் கீறி வைத்திருக்கிறார்கள். செதுக்கி முடிக்காத துண்டுகள் குவாரியிலேயே கிடக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கல் எப்படிப் போனது என்று தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி இழுத்தார்கள் என்ற கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. அது 1010இல் முடிந்த கோயில், ஆகவே வேலை செய்தவர்களின் தடயங்களையெல்லாம் துடைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் தொடங்கி அரைகுறையாய் நின்றுவிட்ட போஜ்பூரில்தான் தச்சனின் கணக்கும் கையும் அப்படியே அகப்படுகின்றன. கோயில் கட்டிய கதையில் ஆர்வமுள்ள தமிழனுக்குத் தாஜைவிட முக்கியமான இடம் இது என்று நான் சொன்னால் சண்டைக்கு வராதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

இனி வடகிழக்கே. போபாலிலிருந்து சாஞ்சி போகும் வழியில் கடகரேகை சாலையைக் கடக்கிறது, கோடு போட்டுப் பலகையும் வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது அங்கே ஒரு சடங்கு. எடுத்துக்கொள்ளுங்கள், பாவமில்லை.

சாஞ்சியில் எல்லாரும் பெரிய தூபியைச் சுற்றி வந்து, தோரணம் எனப்படும் கல் வாயிலுக்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நாற்பது நிமிடம். தூபி அசோகர் காலத்தில் செங்கல்லில் தொடங்கியது, பிறகு கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார்கள். ஆனால் அதைவிட அதிக நேரம் அந்த நான்கு தோரணங்களுக்கு வேண்டும். தெற்குத் தோரணத்தில் ஒரு கல்வெட்டு, இந்த வேலையை விதிஷாவின் தந்தச் சிற்பிகள் செய்தார்கள் என்கிறது. யானைத் தந்தத்தில் பழகிய கை கல்லில் இறங்கினால் எப்படியிருக்கும் என்பதை அதற்குப் பிறகு பார்க்க வேண்டும். விரலளவு இடத்தில் கூட்டம், வீடு, உப்பரிகையில் எட்டிப் பார்க்கும் பெண், மரத்தில் குரங்கு. இவ்வளவு கூட்டத்திலும் புத்தரின் உருவம் மட்டும் கிடையாது. வெறும் ஆசனம், போதி மரம், பாதச்சுவடு இவைதான் அவர். குதிரை மீது குடை பிடித்திருப்பார்கள், குடைக்குக் கீழே ஆள் இருக்க மாட்டார். இதை ஒருவர் காட்டிக்கொடுக்காவிட்டால் நாற்பது நிமிடத்தில் கண்ணில் படவே படாது.

சாஞ்சியின் கிழக்குத் தோரணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டார்கள். ஆங்கிலேயர்களுக்கும் அதே ஆசை. கடைசியில் பிளாஸ்டர் அச்சு எடுத்துக்கொண்டு அடங்கினார்கள். போபாலை ஆண்ட பேகம்கள் அசலை மண்ணிலேயே நிறுத்தினார்கள். ஷாஜஹான் பேகமும் அவருக்குப் பின் வந்த சுல்தான் ஜஹான் பேகமும் இந்தப் பௌத்தத் தலத்தைப் பேணப் பணம் கொடுத்தார்கள், அருங்காட்சியகத்துக்கும் சுல்தான் ஜஹான் செலவு செய்தார். அசோகர் கட்டியதை முஸ்லிம் அரசிகள் காத்தார்கள் என்ற இந்த ஒரு செய்தியையாவது டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் பெரிதாக எழுதிப் போடக் கூடாதா? பல இடங்களில் நிற்கும் தகவல் பலகைகள், கட்டடக்கலை பட்டதாரிக்குத் தேர்வு வைப்பதுபோல நீள அகலங்களையும் வடமொழிக் கலைச்சொற்களையும் அடுக்கிவிட்டு நிற்கின்றன. அந்த வெற்றிடத்தில்தான் கோனார்க் கோபுரத்தின் காந்தக்கல் கப்பல்களை இழுத்தது போன்ற கதைகள் பிழைக்கின்றன. அந்தக் கோயிலின் முகமண்டபத்தை இடிந்து விழாமல் காக்க 1903இல் உள்ளே மணலை நிரப்பி மூடினார்கள் என்பது கதையைவிடச் சுவையான உண்மை.

சாஞ்சியிலிருந்து பத்து கிலோமீட்டரில் விதிஷா. அங்கே ஹெலியோடோரஸ் தூண். தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த ஒரு கிரேக்கன், கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, வாசுதேவனுக்காகக் கருடத் தூண் நட்டு, தன்னைப் பாகவதன் என்று கல்லில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஊரார் அதைக் 'காம் பாபா' என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி உதயகிரிக் குகைகள், குப்தர் காலம். பூமித்தாயைக் கொம்பில் ஏந்தி நிற்கும் பெரிய வராகம் ஒரு பாறைச் சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, ஆதிமனிதன், அசோகன், கிரேக்கன், குப்தர், போஜன், பேகம்கள் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள். இதற்கு மூன்று முழு நாள் வேண்டும். நேரடி பஸ்ஸை நம்பாமல் போபாலிலேயே கார் பேசிக்கொள்வது நல்லது.

இன்னொரு வட்டமும் சொல்கிறேன், சுருக்கமாக. குஜராத்தில் பாட்டன். நூறு ரூபாய் நோட்டின் கிணறு அங்கேதான். சோலங்கி மன்னன் முதலாம் பீமனின் நினைவாக ராணி உதயமதி எடுத்த படிக்கிணறு என்பது மரபு. சரஸ்வதி ஆற்று வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் மூடிக் கிடந்ததால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய சிற்பங்கள் மூக்கு முழி கெடாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. படியில் இறங்க இறங்க வெயில் தலைக்கு மேலேயே நின்றுவிடும். சுவரில் சில சல்லடை வடிவங்கள் அதே ஊரில் நெய்யும் பட்டோலா சேலையின் கட்டங்களைப் போலவே இருக்கும். பீமன் காலத்து மொதேரா சூரியன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் எனக்குத் தெரியும். "ஊர் சுற்ற அலுவலகம் தரும் எல்டிசி சலுகை நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதிலும் போபாலா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எப்போதோ ஒருமுறை குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு அம்மாவின் காசி ஆசையும் பிள்ளையின் பனி ஆசையும் ஒரே டிக்கெட்டில் முடிய வேண்டியிருக்கிறது. அவரிடம் போய் நிதானமாகப் பார் என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் எட்டு ஊர் பார்த்துவிட்டு வந்தவரிடம் ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். ரயில் தாமதமும் ஓட்டல் வெந்நீரும் நினைவிருக்கும். எந்தக் கோட்டை எந்த ஊர் என்பது குழம்பியிருக்கும்.

காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை என்பதற்காக நாடே ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டிய நிலை சும்மா வரவில்லை. குஜராத்தின் உப்புப் பாலைவனமான கட்ச் ரண் வெள்ளையாய்த் தெரிவது குளிர்காலத்தில். மேகாலயத்து அருவிகள் அதே குளிர்காலத்தில் நூலாய் இளைத்துவிடும். காசிரங்கா மழைக்காலத்தில் மூடியிருக்கும். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு பூப்பதோ ஜூலை, ஆகஸ்டில். லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இறங்கிய மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்க்கு முதியவர்களை ஏற்றிச் செல்லும் திட்டம் போட்டவரை நான் சுற்றுலா ஏற்பாட்டாளர் என்று சொல்ல மாட்டேன். வார விடுமுறையும் ஊருக்கு ஊர் மாறும்: அஜந்தா திங்கள், எல்லோரா செவ்வாய், தாஜ் வெள்ளி. திங்கட்கிழமை அஜந்தா என்று அச்சடித்த பயணத் திட்டம் ஒன்றை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

போபால் வட்டத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம், அரையாண்டு விடுமுறை அதற்குள் வருகிறது. பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தொல்லியல் துறை இடங்களில் கட்டணமில்லை. மே மாதத்தில் மட்டும் அங்கே போய் நின்றுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.