தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிருமா?

"வெயில் காலத்தில் காரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், எஞ்சின் சூடே ஆகாது" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தெர்மோஸ்டாட் என்பது சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். கழற்றுவதால் கூடுதல் குளிர்ச்சி கிடைக்காது. மாறாக, காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகும்; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்து, சூடு இன்னும் ஏறும்.

சந்தேகமிருந்தால் மெக்கானிக்கிடம் பழைய தெர்மோஸ்டாட்டை வாங்கிப் பாருங்கள். பலவற்றில் திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். கொதிநீரில் போட்டால் வால்வு மெல்லத் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

வெறும் தண்ணீர் கூலன்டைவிட முன்னதாகவே கொதிக்கும். அலுமினிய பாகங்களை அரிக்கும், உப்புப் படியவிடும். எந்தக் கூலன்ட், என்ன விகிதம் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது.

சூடு உண்மையிலேயே ஏறினால் ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த தூசியையும் பூச்சிகளையும், மின்விசிறியையும், மூடியின் ரப்பரையும் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்; கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.