ஸ்டார்கேட் 50,000 கோடி டாலர் அரசுப் பணம் அல்ல
உங்கள் பதிவில் "அமெரிக்க அரசு செயற்கை நுண்ணறிவுக்கு 50,000 கோடி டாலர் ஒதுக்கிவிட்டது, நம் அரசுகள் தூங்குகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 2025 ஜனவரி 21 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப் ஸ்டார்கேட் திட்டத்தை அறிவித்ததால் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஸ்டார்கேட் என்பது அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களை (ஆயிரக்கணக்கான கணினிகள் இயங்கும் பெரிய மையங்களை) கட்டும் ஒரு தனியார் திட்டம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, ஜப்பானின் சாஃப்ட்பேங்க், மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள், அபுதாபியின் முதலீட்டு நிறுவனமான எம்ஜிஎக்ஸ் ஆகியவைதான் தொடக்க முதலீட்டாளர்கள். அந்தத் தொகையும் நான்கு ஆண்டுகளில் முதலீடு செய்வதாகச் சொன்ன இலக்குதான், கையில் இருந்த பணம் அல்ல. உடனே தொடங்குவதாகச் சொன்னது 10,000 கோடி டாலர்.

பிரான்ஸ் கதையும் இதேதான். 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபர் மக்ரோன் செயற்கை நுண்ணறிவுக்காக அறிவித்த 10,900 கோடி யூரோவில் பெரும்பகுதி தனியார், வெளிநாட்டு முதலீடு. ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 3,000 முதல் 5,000 கோடி யூரோ வரை தருவதாகச் சொன்னது.

சரி, அப்படியென்றால் அரசுகள் எதுவுமே தருவதில்லையா? தருகின்றன. நிலம், மின் இணைப்பு, விரைவான அனுமதி, வரிச்சலுகை என்று. டேட்டா சென்டருக்காகப் போடும் மின்கம்பிச் செலவை யார் கட்டுவது என்பதுதான் நாம் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள், பலர் இதைப் பகிர்கிறார்கள்.