அடித்தளத்தைப் பூட்டுவது நல்லதுதான்

ஃபெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸைப் போல, அடிப்படைக் கோப்புகளைப் பயனர் நேரடியாக மாற்ற முடியாதபடி பூட்டிய இயங்குதளங்கள் பயனரின் கையைக் கட்டிப்போடுகின்றன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்டேட் தனியாக இறங்கி, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. ஏதாவது கெட்டால் பூட் மெனுவில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தலைவலி செயலிகளில்தான். லினக்ஸ் செயலிகளைப் பொதிந்து தரும் இரண்டு முறைகள் ஸ்னாப், பிளாட்பேக். ஸ்னாப் கடையின் சர்வர், உபுண்டுவை உருவாக்கும் கேனானிக்கல் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. பிளாட்பேக் களஞ்சியத்தை, அதாவது செயலிகளை வைத்துத் தரும் சர்வரை, யாரும் நடத்தலாம். என் ஓட்டு பிளாட்பேக்குக்கே. ஆனால் அங்கும் ஒரே செயலி இரண்டு இடங்களிலிருந்து வரலாம். உதாரணமாக, திரைப்பதிவுக்கும் நேரலைக்குமான ஓபிஎஸ் ஸ்டுடியோ செயலிக்கு ஃபெடோரா தானே கட்டித் தந்த பிளாட்பேக் கோளாறாக இருந்தது. புகார்களோ அந்தச் செயலியை உருவாக்கும் ஓபிஎஸ் குழுவுக்குப் போயின. 2025 பிப்ரவரியில் அது, ஃபெடோரா மீது சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று ஓபிஎஸ் குழு மிரட்டும் வரை போனது. எந்தச் செயலியை யார் கட்டியது என்பதை, இன்ஸ்டால் பட்டனுக்குப் பக்கத்திலேயே தெளிவாகக் காட்ட வேண்டும்.