யூதவியல் படித்ததற்கு நற்சான்றிதழ் கேட்கிறவர்களுக்கு

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளித் துணுக்கை இத்தனை பேர் எனக்கே அனுப்பிவைத்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தால், சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். என்னை ‘இஸ்ரேலின் தமிழ்நாட்டுத் தூதர்’ என்று மேடையில் அறிமுகப்படுத்திய பெரியவர், அது வெறும் நகைச்சுவை என்கிறார். அரங்கமும் சிரித்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்வது?

நான் படித்தது யூதவியல். யூதர்களின் வரலாற்றையும் மொழிகளையும் சமயச் சிந்தனையையும் பல்கலைக்கழக முறைப்படி ஆராயும் துறை அது. எந்த நாட்டின் வெளியுறவுத் துறையும் அன்று. லியோபோல்ட் சுன்ஸ், எடுவார்ட் கான்ஸ் முதலிய இளைஞர்கள் இந்த ஆய்வுக்காக பெர்லினில் சங்கம் அமைத்தது 1819இல். இஸ்ரேல் என்ற அரசு பிறந்தது 1948இல். கழித்தல் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

அரசுகள் இந்தத் துறையை எப்படிச் சீராட்டின என்பதையும் கேளுங்கள். யூதராக இருந்தவரை கான்சுக்குப் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. 1825இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகே கிடைத்தது. யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை வேண்டும் என்று 1848இல் சுன்ஸ் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். உள்ளே இடமில்லை என்றான பிறகு, 1872இல் அதே நகரில் தனியாக ஓர் உயர்கல்விக்கூடம் தொடங்கினார்கள். அதையும் 1942இல் நாஜிகள் மூடினார்கள். கடைசிவரை அங்கே பாடம் நடத்திய லியோ பெக், அடுத்த ஆண்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். இதைப் படித்தவன்தான் அதிகாரத்தின் ஆளாம்!

“யூதர்கள் படிக்கட்டும், உனக்கு அங்கே என்ன வேலை?” என்பது அடுத்த கேள்வி. யூதச் சமயச் சட்டங்களையும் அவை பற்றிய வாதங்களையும் தொகுத்த தல்மூத் நூலின் ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டார்கள். நடுவில் மூலம், ஒருபுறம் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஷியின் உரை, மறுபுறம் அந்த உரையையே கேள்வி கேட்கும் பிற்காலத்தாரின் உரை. வாதத்தில் தோற்றவரின் கருத்தும் பெயரோடு அப்படியே நிற்கும். பரிமேலழகரையும் மணக்குடவரையும் அருகருகே வைத்துக் குறள் படித்தவனுக்கு அந்தப் பக்கம் அந்நியமாகவா தெரியும்? எனக்கு வீட்டுக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. அந்தப் பக்க அமைப்பை, 1520களில் வெனிஸில் முழுத் தல்மூதையும் அச்சிட்டு நிலைபெறச் செய்த டேனியல் போம்பெர்க் ஒரு கிறித்தவர். அவருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டுவையுங்கள்.

“இதனால் நமக்கு என்ன பயன்?” என்பவர்களுக்கு: பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜு என்ற யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்துக் காகிதக் குவியலில் கிடைத்தன. நம் கடற்கரை வணிகத்தின் சரக்கும் கடனும் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியில் கிடக்கின்றன. படிக்க ஆள் வேண்டாமா?

“காசாவில் குழந்தைகள் சாகும்போது உனக்குத் தல்மூத் கேட்கிறதா?” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். காசாவைப் பற்றி நான் எழுதியவை இதே பக்கத்தில் இருக்கின்றன, தேடிப் படிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதை முதலில் ஒப்பித்துவிட்டுத்தான் இடைக்கால யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிசைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், மன்னிக்கவும், முடியாது.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. திருவாசகத்தை மொழிபெயர்த்த போப்புக்கு மெரினாவில் சிலை வைத்தோம்; அது சரிதான். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் தமிழ் பயின்று கற்பித்த டேவிட் ஷுல்மனைக் கொண்டாடுகிறோம், அதுவும் சரிதான். அதே ஷுல்மன் ஹெப்ரான் மலைப்பகுதிப் பாலஸ்தீன மேய்ப்பர்களுக்குத் துணையாக நிற்பவர், 2016இல் தமக்குக் கிடைத்த இஸ்ரேல் பரிசுப் பணத்தை அதற்காக உழைக்கும் தாயுஷ் அமைப்புக்கே கொடுத்தவர் என்பது அந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறர் நம்மைப் படித்தால் அறிஞர். நம்மவன் பிறரைப் படித்தால் மட்டும் யார் பணம் தந்தார்கள் என்ற விசாரணை. அதையும் சொல்லிவிடுகிறேன்: என் அப்பா, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி.

மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம், பதில் சொல்வேன். ‘ஏஜெண்ட்’ என்று எழுதுபவர்களை முடக்கிவிடுவேன்.